‘நம்ம ஆளுக்குப் பொறுப்பில்லை’ என்னும் பொய்

“நம்ம ஆளுங்களுக்குப் பொறுப்பு கிடையாதுங்க. ஜப்பான்காரனைப் பாருங்க!” களமருதூர் டீக்கடையிலும் இதைக் கேட்கிறேன், உளுந்தூர்ப்பேட்டையில் பட்டறை நடத்துபவர் வாயிலும் கேட்கிறேன், படித்து அதிகாரியாக வந்தவர்களிடமும் கேட்கிறேன். போட்ட சாலை ஒரு மழைக்குப் பெயர்ந்தாலும், ரேஷன் அரிசியில் கல் கிடந்தாலும், புது மோட்டார் மூன்றே மாதத்தில் புகைந்தாலும் முதலில் வந்து விழுவது இந்தப் பேச்சுதான். தீர்வும் கையோடு வரும்: கண்டிப்பு வேணும், கேமரா வை, அபராதம் போடு, நாலு பேரை வீட்டுக்கு அனுப்பு, மிச்சம் இருப்பவன் தானாக ஒழுங்காவான்.

இதைப் பொதுப்புத்தி என்று பலரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் கருத்தில் இது பொய். தீங்கான பொய்யும்கூட. பிழை எங்கே பிறக்கிறதோ அந்த இடத்தை மறைத்து, பிழையைச் சுமக்கிறவன் தலையில் பழியைக் கட்டுகிற பொய். இதைச் சொல்கிறவர்கள் எந்த ஜப்பானைக் கைகாட்டுகிறார்களோ, அந்த ஜப்பானே இவர்களுக்கு எதிரான சாட்சி.

1940-களின் கடைசியில் ‘ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரைக்கு உலகச் சந்தையில் என்ன பொருள் என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். மலிவான, சீக்கிரம் உடைகிற சாமான் என்று பொருள். ஜப்பானியரின் பிறவி ஒழுக்கம் அப்போதும் அவர்களிடம்தானே இருந்தது? அதே மக்கள், அதே கைகள், அதே மொழி. பிறகு சில ஆண்டுகளுக்குள் அவர்கள் செய்த பொருளை உலகமே தேடி வாங்கியது என்றால், மாறியது அவர்கள் ரத்தம் இல்லை. வேலை நடந்த முறை மாறியது.

அந்த மாற்றத்தில் பெரும் பங்காற்றியவர் வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங். 1900 அக்டோபர் 14-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்து, வயோமிங் மாநிலத்தில் ஏழ்மையில் வளர்ந்து, 1928-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தபோதுதான் பெல் ஆய்வுக்கூடத்தின் வால்டர் ஷூஹார்ட்டின் பழக்கம் கிடைத்தது. ஷூஹார்ட் 1924-ல் ஒரே பக்கக் குறிப்பில் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம்தான் டெமிங்கின் வாழ்நாள் சிந்தனைக்கு விதை. எந்த வேலையிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். அதில் பெரும்பகுதி அந்த வேலைமுறையின் உடம்பிலேயே ஊறியது. எப்போதாவது ஒன்றுதான் வெளியிலிருந்து புகுந்த தனிக் கோளாறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் நிர்வாகம் செய்யக்கூடாது. இவ்வளவுதான் விதை. ஆனால் இதை உண்மையாகவே ஏற்றுக்கொண்டால் நாம் ஆட்களை நடத்தும் விதம் தலைகீழாக மாற வேண்டியிருக்கும்.

போர்க்காலத்தில் அமெரிக்க ஆலைகளில் ஆயிரக்கணக்கான பொறியாளர்களுக்கு இந்தப் புள்ளியியல் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் ஆர்வத்தோடு செய்தார்கள், பலனும் வந்தது. போர் முடிந்ததும் எல்லாம் காற்றோடு போயிற்று. ஏன்? கற்றவர்கள் கீழே இருந்தார்கள், முடிவெடுப்பவர்கள் மேலே இருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்துகொள்ள அவசியமும் இல்லை. எதைச் செய்தாலும் விற்ற காலம் அது. டெமிங் இந்தத் தோல்வியை மறக்கவில்லை. 1950 கோடையில் ஜப்பானிய விஞ்ஞானிகள் பொறியாளர்கள் சங்கம் அழைத்து டோக்கியோவில் எட்டு நாள் பாடம் நடத்தியபோது, பொறியாளர்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாட்டின் முன்னணித் தொழிலதிபர்களைத் தனியே கூட்டச் சொல்லி அவர்களிடம் பேசினார். தரம் உங்கள் அறையில் தொடங்குகிறது, பட்டறையில் தொடங்குவதில்லை என்பதே அந்தப் பேச்சின் சாரம். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவருடைய சொற்பொழிவுத் தொகுப்பு விற்ற பணத்தை அவர் வாங்காமல் அந்தச் சங்கத்துக்கே கொடுத்தார்; அதிலிருந்து 1951-ல் டெமிங் பரிசு பிறந்தது.

டெமிங் ஒருவரே ஜப்பானைத் தூக்கி நிறுத்தினார் என்று நான் சொல்ல வரவில்லை. 1954-ல் ஜோசப் ஜுரான் போனார். கவுரு இஷிகாவா போன்ற ஜப்பானியரே இந்தச் சிந்தனையைத் தங்கள் மண்ணுக்கு ஏற்ப வளர்த்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் பட்டறைத் தொழிலாளிகள் தாங்களே கூடிப் பேசும் தர வட்டங்கள் அப்படித்தான் வந்தன. ஆனால் இவர்களில் ஒருவர்கூட ‘தொழிலாளியைக் கண்டித்தால் தரம் வரும்’ என்று சொல்லவில்லை. ஜப்பானை உதாரணம் காட்டிக் கண்டிப்பைக் கேட்பவர்கள் ஜப்பான் செய்ததற்கு நேர் எதிரானதைத்தான் கேட்கிறார்கள்.

டெமிங் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள்: 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழி உள்ள ஒரு துடுப்பு. கூட்டத்திலிருந்து ஆறு பேரைத் ‘தொழிலாளி’களாக அழைப்பார். துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல சரக்கு, சிவப்பு மணி ரிஜெக்ட். எப்படி விடுவது, எந்தக் கோணத்தில் சாய்த்து எடுப்பது என்று கண்டிப்பான விதிகள். சோதனை செய்ய இரண்டு பேர், அவர்களுக்கு மேலே ஒரு தலைமைச் சோதகர், எழுதிக்கொள்ள ஒருவர். டெமிங்தான் மேஸ்திரி. முதல் நாள் ஒருவருக்கு 5 சிவப்பு வரும், இன்னொருவருக்கு 14 வரும். 5 வந்தவரை மேடையில் பாராட்டுவார், ஊதிய உயர்வு கொடுப்பார். 14 வந்தவரைக் கண்டிப்பார். மறுநாள் பாராட்டு வாங்கியவருக்கு 12 வரும்: “பாராட்டினதும் தலைக்கனம் வந்துடுச்சு.” திட்டு வாங்கியவருக்கு 8 வரும்: “பார்த்தீங்களா, கண்டிச்சதும் முன்னேறிட்டார்.” சுவரில் முழக்க அட்டை ஒட்டுவார். கடைசியில் மோசமான மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிறந்த மூன்று பேரை வைத்து ஆலையைக் காப்பாற்றப் பார்ப்பார். அவர்களும் அதே அளவு சிவப்பைத்தான் எடுப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, 50 குழி. சராசரியாக 10 சிவப்பு வரும். ஷூஹார்ட்டின் முறைப்படி எல்லை கட்டினால் ஏறக்குறைய 2 முதல் 18 வரை எந்த எண் வந்தாலும் அது அந்தப் பெட்டியின் இயல்பு. அந்த எல்லைக்குள் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டு ‘இவன் கெட்டி, அவன் மட்டி’ என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. சிவப்பு மணியைக் குறைக்க ஒரே வழி பெட்டிக்குள் வருகிற சரக்கை மாற்றுவது. அதை ஆறு தொழிலாளிகளில் ஒருவராலும் செய்ய முடியாது. மேஸ்திரியாலும் முடியாது. அவருக்கு மேலே இருப்பவரால்தான் முடியும்.

இதைப் படித்துவிட்டு நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் பார்க்கிறேன். எங்கும் சிவப்பு மணிகள்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரியேறி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அங்கே மாவுச்சத்தை ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து விலை போடுகிறார்கள். பாயிண்ட் குறைந்தால் விவசாயிக்கு விலை குறையும். “சரியாப் பாடுபடலை, முத்தாத கிழங்கைப் பிடுங்கிட்டே” என்ற பேச்சும் கூடவே வரும். ஆனால் பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. எந்த நாளில் வியாபாரி லாரி அனுப்புகிறார், மலைப்பாதை எப்படி இருக்கிறது, ஆலை வாசலில் எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது, அளக்கும் கருவி யாருடையது, ஒரே கிழங்கை இரண்டு முறை அளந்தால் ஒரே பாயிண்ட் காட்டுமா? இவற்றில் ஒன்றுகூட மலையாளிப் பழங்குடி விவசாயியின் கையில் இல்லை. அளவுகோலே வாங்குகிறவன் கையில் இருக்கும்போது, அளவைக் காட்டி விற்கிறவனுக்குப் பொறுப்பில்லை என்று பேசுவது அநியாயம்.

கரும்பும் இதே கதைதான். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கிற கூட்டுறவு ஆலைகளை நம்பி இந்த மாவட்டத்தில் ஏராளமான குடும்பங்கள் கரும்பு போடுகின்றன. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைத்தால் நல்லது. வெயிலில் கிடக்கக் கிடக்க எடை குறையும், சர்க்கரைக் கட்டுமானமும் குறையும். வெட்டு உத்தரவு தாமதமானால், வெட்ட ஆள் கிடைக்காவிட்டால், டிராக்டர் ஆலை வாசலில் இரவெல்லாம் நின்றால், நடுவில் இயந்திரம் நின்றுபோனால், கட்டுமானம் விழும். விழுந்த எண்ணை வைத்துக்கொண்டு ‘விவசாயி தரமான கரும்பு கொடுக்கவில்லை’ என்று எழுதுவது எளிது. வயலிலிருந்து அரைவை வரைக்கும் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று வண்டிவாரியாகக் குறித்து, அந்த நேரம் எங்கே கரைகிறது என்று தேடுவது கடினம். டெமிங் கேட்டது இந்தக் கடினமான வேலையை.

நெல்லைச் சொல்லவே வேண்டாம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் விதியைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதும், குழு வரும், மாதிரி எடுத்துப் போகும். அதுவரை விவசாயி தார்ப்பாயைப் போட்டு மூடி, வெயில் வந்ததும் சாலையில் கொட்டிக் காயவைத்து, மறுபடியும் குவிப்பான். உலர்த்தும் இயந்திரமும் போதுமான களமும் கூரையும் இல்லாத இடத்தில், ஈரத்துக்கு அவனைக் குற்றவாளியாக்குகிறோம்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். மாணவர்களைத் தரவரிசைப்படுத்தி அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017-ல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் மாவட்டங்களைத் தேர்ச்சி விகிதத்தில் வரிசைப்படுத்தும் வழக்கம் தொடர்கிறது. மாநிலத்தில் 38 மாவட்டங்கள். எல்லாப் பிள்ளைகளும் சென்ற ஆண்டைவிட நன்றாக எழுதினாலும் ஒரு மாவட்டம் 38-ஆவது இடத்தில் இருந்தே தீரும். அந்த மாவட்டத்துத் தலைமையாசிரியர்களைக் கூப்பிட்டு வைத்து விளக்கம் கேட்பதால் எந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? மறு ஆண்டு எண்ணை உயர்த்த எளிதான வழி ஒன்று இருக்கிறது: தேறமாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையைத் தேர்வுக்கு வராமல் செய்வது. எண்ணுக்குப் பயந்தவர்கள் எண்ணைச் சரிசெய்வார்கள், வேலையைச் சரிசெய்யமாட்டார்கள். ‘அச்சத்தை விரட்டு’ என்று டெமிங் தன் 14 கோட்பாடுகளில் ஒன்றாக எழுதிவைத்தது தொழிலாளி மேல் இருந்த இரக்கத்தால் மட்டும் இல்லை. பயம் இருக்கிற இடத்தில் மேலே போகிற கணக்கு எதையும் நம்ப முடியாது என்பதாலும்தான்.

இந்த மாவட்டத்துக்காரன் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். காவல் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், விற்றவர்கள் கைதானார்கள், இழப்பீடு அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று மாதம் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். மறுபடியும் கைது, மறுபடியும் பணியிடை நீக்கம், ஆட்சியர் மாற்றம், தண்டனையை ஆயுள் சிறை வரைக்கும் உயர்த்திச் சட்டத் திருத்தம்.

விற்றவனைத் தண்டிக்க வேண்டும். உடந்தையாக இருந்தவனையும் தண்டிக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் ஓராண்டு முன்னால் செய்த அதே தண்டனை வேலை செய்திருந்தால் கருணாபுரத்தில் ஏன் அத்தனை பாடை கட்டினோம்? தொழிற்சாலைக்குரிய மெத்தனால் யார் பெயரில் வெளியே வருகிறது, கணக்கு எங்கே முறிகிறது, எத்தனை கை மாறி நம் ஊருக்கு வருகிறது, நாளெல்லாம் உடம்பு நோக உழைத்தவன் ஏன் அந்தப் பாக்கெட்டைத் தேடிப் போகிறான், விஷம் குடித்தவனுக்கு முதல் சில மணி நேரத்தில் மாற்று மருந்து எங்கே கிடைக்கும்? இவை பெட்டிக்குள் இருக்கிற மணிகள். பெட்டி அப்படியே இருக்க, துடுப்பைப் பிடித்தவர்களை மட்டும் மாற்றினோம்.

“அப்படியென்றால் யாருக்குமே பொறுப்பில்லையா? எல்லாம் அமைப்பின் குற்றம் என்று சொல்லிவிட்டால் சோம்பேறிக்குக் கொண்டாட்டம்தானே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் டெமிங்கைப் படிக்காத கேள்வி. வேண்டுமென்றே தப்புச் செய்கிறவனை, இயல்பான எல்லைக்கு வெளியே விழுகிறவனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அவரும் சொன்னார். தன் அனுபவத்தில் 94 சதவீதக் கோளாறுகள் அமைப்பினுடையவை, அது நிர்வாகத்தின் பொறுப்பு, 6 சதவீதம்தான் தனிக் காரணங்கள் என்று எழுதினார். அது அளந்து எடுத்த எண் இல்லை, அவருடைய மதிப்பீடு. 94-ஐ 80 என்று வைத்துக்கொண்டாலும் வாதம் மாறாது. பொறுப்பை அவர் ஒழித்துவிடவில்லை. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைத்தார். நம் ஊரில் கண்டிப்பு பேசுகிறவர்களுக்குக் கசப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பொறுப்பு கீழேயே இருக்கும்வரை மேலே இருப்பவர்களுக்கு நிம்மதி.

இன்னொரு சமாதானம் உண்டு: “அதெல்லாம் ஜப்பான்காரனுக்குச் சரி, நம்ம ஆளுங்ககிட்ட நடக்காது.” நடந்தது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் அதுவே முதல். ஜப்பானுக்கு வெளியே இந்தப் பரிசை முதலில் வாங்கியதே 1989-ல் ஓர் அமெரிக்க மின் நிறுவனம்தான். டெமிங் பிறந்த நாடே அவ்வளவு தாமதமாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. பாடியைத் தொடர்ந்து 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-ல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார், 2003-ல் ரானே பிரேக் லைனிங், 2004-ல் லூகாஸ் டி.வி.எஸ். என்று வரிசை நீண்டது. 2019-ல் வேணு ஸ்ரீனிவாசனுக்கு, இந்த முறையை வெளிநாட்டில் பரப்பியதற்காக டெமிங் சிறப்பு விருது கொடுத்தார்கள். அந்த ஆலைகளில் நின்று வேலை பார்த்தவர்கள் ஒசாகாவிலிருந்து வந்தவர்கள் இல்லை, தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.-யில் படித்து, நம் ஊர்ப்பக்கப் பேருந்தில் ஏறிப் போனவர்கள். ஜப்பானியப் பேராசிரியர்கள் பல ஆண்டுகள் வந்து வழிகாட்டினார்கள், நிர்வாகம் முதலில் தன் வேலைமுறையைத் திருத்திக்கொண்டது, தொழிலாளிக்குக் கருவியும் பயிற்சியும் பேசும் உரிமையும் கொடுத்தது. ‘பொறுப்பில்லாத’ அதே தமிழன் உலகத் தரத்தில் பிரேக் செய்தான்.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை ஏதோ தூரத்துச் சரக்கும் இல்லை. பி.சி. மகலனோபிஸ் அழைத்து, ஷூஹார்ட் 1947-48-ல் இந்தியாவுக்கு வந்து ஆலை ஆலையாகப் போனார். டெமிங்கும் மகலனோபிசும் ஐ.நா.வின் மாதிரிக் கணக்கெடுப்புத் துணைக்குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். ஜப்பான் டெமிங்கைக் கேட்பதற்கு முன்பே அவருடைய ஆசான் நம் வாசலுக்கு வந்துவிட்டார். நாம்தான் சுவரில் முழக்கத்தை எழுதிவிட்டு, ஐ.எஸ்.ஓ. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பெட்டியை அப்படியே விட்டோம். சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தணிக்கைக்கு முந்தின வாரம் உட்கார்ந்து பழைய தேதிக்குப் பதிவேடு நிரப்பும் இடத்தில் அந்தச் சட்டம் எதை நிரூபிக்கிறது?

நம் அமெரிக்க மோகிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த நாடே தன் ஆளை 30 ஆண்டு கண்டுகொள்ளவில்லை. 1980 ஜூனில் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்த பிறகுதான் ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் அவரைத் தேடி ஓடின. அப்போது அவருக்கு 79 வயது. அதன்பிறகும் 13 ஆண்டுகள், 1993 டிசம்பரில் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை, நான்கு நாள் வகுப்புகளை விடாமல் நடத்தினார். ஒவ்வொரு வகுப்பிலும் அதே பெட்டி, அதே சிவப்பு மணி. தொழிலாளி தன் வேலையில் பெருமைப்படும் உரிமையை அவனிடமிருந்து பறிக்காதீர்கள் என்பதையே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டை சிப்காட்டில் காலணி ஆலைக்கு ஒப்பந்தமானபோது 2,302 கோடி ரூபாய் முதலீடு, சுமார் 20,000 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது. களமருதூரிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் வயல் வேலை மட்டுமே தெரிந்த பெண் பிள்ளைகள் இனி ஷிப்ட் வண்டியேறிப் பலவகை ஆலைகளுக்குப் போவார்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசராகவும் மேலாளராகவும் நம் மாவட்டத்துப் படித்த பிள்ளைகளே வருவார்கள். அவர்களிடம்தான் இந்த வேண்டுகோள். முதல் வாரத்திலேயே ரிஜெக்ட் கூடும். அப்போது “இதுங்களுக்குப் பொறுப்பில்லை” என்று உங்கள் மேலதிகாரி சொல்வார், பெயரைப் பலகையில் எழுதச் சொல்வார். எழுதாதீர்கள். இருபத்தைந்து நாள் எண்ணை வரிசையாக ஒரு தாளில் குறித்து எல்லை கட்டிப் பாருங்கள். ஊசி எப்போது மாற்றினார்கள், பசை எந்த லாட், வெளிச்சம் போதுமா, புதுப் பெண்ணுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பேசுங்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த அறைக்குள் போக வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது.